ஒரு வீராங்கனையின் எலும்பும் ஒப்பந்தமும்: தொழில்முறை மாரத்தான் ஓட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

தொழில்முறை மாரத்தான் வீராங்கனை ஒருவருக்கு 2021 முதல் 2025 வரை நேர்ந்தவற்றை இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. அவருடைய ஒப்புதலுடனும், பயிற்சியாளர், மருத்துவர், உணவியல் நிபுணர், முகவர் ஆகியோரின் குறிப்புகளைக் கொண்டும் இது எழுதப்பட்டது. அடையாளம் வெளிப்படாதிருக்கும் பொருட்டு நாடு, ஊர், போட்டிகளின் பெயர்கள் ஆகியவை தவிர்க்கப்பட்டுள்ளன. அந்தக் குழுவில் பயிற்சித் தரவுகளைத் தொகுக்கும் பொறுப்பில் நான் இருந்தேன். தொடை எலும்பில் ஏற்பட்ட முறிவு ஆறிய விதத்தில் புதுமை எதுவும் இல்லை. மருத்துவ நூல்கள் சொல்லும் வழியிலேயே அது ஆறியது. ஆறுவதற்கு வேண்டிய காலத்தை அவருக்கு யார், எந்த ஏற்பாட்டின் மூலம் கொடுத்தார்கள் என்பதே பிறருக்குப் பயன்படக்கூடிய பகுதி.

பின்னணி

வீராங்கனை பள்ளிக் காலத்திலிருந்தே 5,000 மீட்டரும் 10,000 மீட்டரும் ஓடியவர். தேசிய அளவில் பதக்கங்கள் பெற்றிருந்தும், பன்னாட்டுப் போட்டிகளில் கடைசிச் சுற்றுக்கு வேண்டிய வேகம் தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்து, 2021இல் தம் 27ஆம் வயதில் மாரத்தானுக்கு மாறினார். முதல் மாரத்தானை 2 மணி 34 நிமிடத்திலும், அடுத்த ஆண்டு இரண்டாவதை 2 மணி 30 நிமிடத்திலும், 2023 ஏப்ரலில் மூன்றாவதை 2 மணி 27 நிமிடத்திலும் முடித்தார். பாரிஸ் ஒலிம்பிக்கின் பெண்கள் மாரத்தானுக்கு உலகத் தடகள அமைப்பு விதித்திருந்த தகுதி நேரம் 2 மணி 26 நிமிடம் 50 விநாடி. 2022 நவம்பர் தொடங்கி 2024 ஏப்ரல் முடியும் வரை அந்த நேரத்தை எட்ட அவகாசம் இருந்தது. தகுதி நேரத்துக்கும் அவருடைய நேரத்துக்கும் இடையில் ஒரு நிமிடம்கூட இல்லை.

இந்தத் தொழிலின் வருமானம் அமைந்திருக்கும் விதத்தைச் சொல்லாமல் பின்னால் எடுக்கப்பட்ட முடிவுகளை விளக்க இயலாது. 42.195 கிலோமீட்டரைப் போட்டி வேகத்தில் ஓடியவரின் உடல் பழைய நிலைக்கு மீளச் சில வாரங்கள் ஆகும். அடுத்த போட்டிக்குத் தயாராவதற்கு மேலும் மூன்று, நான்கு மாதங்கள் வேண்டும். ஆகவே முன்னணி ஓட்டக்காரர்கள் ஆண்டுக்கு இரண்டு மாரத்தான்களே ஓடுகிறார்கள், மிஞ்சினால் மூன்று. காலணி நிறுவனம் தரும் அடிப்படைத் தொகை, பெரிய நகர மாரத்தான்களின் அமைப்பாளர்கள் பங்கேற்புக்காகத் தரும் தொகை, பரிசும் நேரத்துக்கான ஊக்கத்தொகையும் ஆகிய மூன்று வழிகளில் பணம் வருகிறது. பாதையில் 10,000 மீட்டர் ஓடுபவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் அடுத்த மாதமே வேறொரு போட்டி கிடைக்கும். மாரத்தான் ஓடுபவருக்கு ஒரு போட்டி கைநழுவினால் அரை ஆண்டு வருமானம் போய்விடும். ஜப்பானின் யூகி கவாவுச்சி ஆண்டுக்குப் பல மாரத்தான்கள் ஓடியபடியே 2018இல் பாஸ்டன் மாரத்தானை வென்றதைச் சிலர் எதிர்வாதமாகக் காட்டுவார்கள். 2019இல் முழுநேர ஓட்டக்காரராக மாறும் வரை அவர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார், மாதச் சம்பளம் வாங்கினார் என்பதையும் அப்போது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் வீராங்கனையின் காலணி ஒப்பந்தம் 2024 டிசம்பர் வரை செல்லுபடியாகக்கூடியது. காலாண்டுக்கு ஒருமுறை அடிப்படைத் தொகை வரும். அதில் இரண்டு விதிகள் முக்கியமானவை. ஓர் ஆண்டில் குறிப்பிட்ட தரத்தில் இரண்டு மாரத்தான்கள் ஓடாவிட்டால் தொகை குறைக்கப்படும். எக்காரணம் கொண்டும் தொடர்ந்து நான்கு மாதங்கள் போட்டியிடாமல் இருந்தால், அவர் திரும்பும் வரை தொகையை நிறுத்திவைக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. “எக்காரணம் கொண்டும்” என்ற சொற்களில் காயமும் அடக்கம். கையெழுத்திட்ட நாளில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தகைய விதிகள் அத்துறையில் வழக்கமானவை.

கவனிக்கப்பட்டவை

2022 இலையுதிர்காலத்திலிருந்து 2023 கோடை வரையிலான ஒன்பது மாதங்களே அவருடைய ஓட்ட வாழ்வில் மிக வேகமான முன்னேற்றம் நிகழ்ந்த காலம். எலும்பு பலவீனமடைந்ததும் அதே ஒன்பது மாதங்களில்தான். நேரங்கள் குறைந்துகொண்டே வந்ததால், அக்காலத்தில் செய்யப்பட்ட எல்லாமே சரியானவை என்று குழுவில் கருதப்பட்டது.

அவருடைய எடை 51 கிலோவிலிருந்து 48 கிலோவுக்கு இறங்கியது. எடையைக் குறைக்குமாறு யாரும் சொல்லவில்லை. வாரப் பயிற்சி 140 கிலோமீட்டரிலிருந்து 180 கிலோமீட்டராக உயர்ந்தபோது உணவு அதே அளவில் நின்றுவிட்டது. காலை ஓட்டத்தை வெறும் வயிற்றில் முடித்து, இயன்முறை மருத்துவரிடம் சென்று திரும்பி, முற்பகலில்தான் அன்றைய முதல் உணவை உண்டார். நீண்ட ஓட்டங்களில் சைக்கிளில் உடன் சென்ற உதவிப் பயிற்சியாளர் ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு குடுவை நீட்டுவார். அவர் வாங்கி இரண்டு மிடறு குடித்துவிட்டுத் திருப்பித் தருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு காரணத்துக்காக, அந்தக் குடுவைகளை உதவிப் பயிற்சியாளர் எடைபோட்டுப் பார்த்தார். 35 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கரைத்து வைத்த மாவுச்சத்துப் பானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அப்படியே இருந்தது. வியர்வை அளவைக் கணக்கிடும் தாளின் ஓரத்தில் அந்த எண் குறிக்கப்பட்டது. அன்று அதற்குமேல் யாரும் அதைத் தொடரவில்லை.

பயிற்சிக் குறிப்பேட்டிலும் தடயங்கள் உண்டு. மெது ஓட்டங்களின் வேகம் மாதந்தோறும் கூடிவந்தது. அவற்றுக்கு நேரே அவர் எழுதிய குறிப்புகளோ “கால் கனம்”, “தூக்கம் இல்லை”, “மீண்டும் சளி” என்று சுருங்கிக்கொண்டே வந்தன. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 2022 தொடக்கத்தில் 34 ஆக இருந்து, 2023 மே மாதத்தில் 16 ஆகக் குறைந்தது.

மாதவிடாய் பற்றிய கேள்வி ஒவ்வொரு ஆண்டுப் பரிசோதனைப் படிவத்திலும் இருந்தது. “ஒழுங்காக வருகிறது” என்றே அவர் நிரப்பினார். அது பொய்யும் அல்ல. மூன்று ஆண்டுகளாக அவர் கருத்தடை மாத்திரை எடுத்துவந்தார், போட்டி நாள்களைத் திட்டமிட அது வசதியாக இருந்தது. அந்த மாத்திரையை நிறுத்தும் வாரத்தில் வரும் இரத்தப்போக்கு மருந்தின் விளைவு. சூலகம் தானாக இயங்குகிறதா என்பதை அது காட்டாது. படிவத்தில் மாத்திரை பற்றிய கேள்வி இல்லை.

இவற்றில் எதுவும் யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. குடுவை உதவிப் பயிற்சியாளருக்குத் தெரியும். ஃபெரிட்டின் மருத்துவருக்குத் தெரியும், முழங்காலுக்குக் கீழே வந்துபோன வலி இயன்முறை மருத்துவருக்குத் தெரியும், ஒப்பந்த விதிகள் முகவருக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தவர் வீராங்கனை ஒருவரே. அவரோ ஒவ்வொரு போட்டியிலும் முன்னேறிக்கொண்டிருந்தார்.

வலி வெளிப்பட்ட விதம்

2023 ஜூலையில், இலையுதிர்கால மாரத்தானுக்கான பயிற்சியின் மூன்றாம் வாரத்தில், இடது கவட்டையின் ஆழத்தில் ஒரு வலி தொடங்கியது. ஓட்டத்தின் கடைசி சில கிலோமீட்டர்களில் வரும், ஓய்வெடுத்தால் போகும். தசைப்பிடிப்பு என்று தமக்குள் முடிவுசெய்துகொண்டு, ஏறத்தாழ பத்து நாள்கள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. இலையுதிர்காலப் போட்டியின் அழைப்புக் கடிதம் அந்த வாரங்களில்தான் கையெழுத்தாக இருந்தது. ஆண்டின் இரண்டாவது மாரத்தான் அது; அதை ஓடாவிட்டால் பங்கேற்புத் தொகையும் போகும், காலணி ஒப்பந்தத்தின் குறைப்பு விதியும் செயல்படும். வலியை மறைப்பதற்கு ஒரு தொகை கிடைத்தது என்று இதைக் கடுமையாகவும் சொல்லலாம்.

இயன்முறை மருத்துவர் வேறு ஏதோ தசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒற்றைக் காலில் குதித்துக் காட்டச் சொன்னார். வலது காலில் பத்து முறை எளிதாகக் குதித்தார். இடது காலில் ஒருமுறை குதித்ததும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சோதனையை அத்தோடு நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. ஓயாத சுமையால் எலும்பில் விழும் நுண்விரிசல்களான அழுத்த முறிவுகள், தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது பொதுவானது. அந்த வாரத்திலேயே எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில், உள்புறக் கீழ் விளிம்பில் வீக்கமும் எலும்பின் அகலத்தில் பாதிக்கும் குறைவான நீளமுள்ள ஒரு முறிவுக் கோடும் இருந்தன.

முறிவு அமைந்த இடம் இங்கே முக்கியமானது. எலும்புக் கழுத்தின் மேல்புறம் ஒவ்வொரு அடியிலும் இழுவிசைக்கு ஆளாவது. அங்கே ஏற்படும் முறிவு விரிந்து முழுதாக உடையக்கூடும், ஆகவே பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும். கீழ்ப்புறம் அழுத்த விசைக்கு ஆளாவது. முறிவு சிறியதாக இருந்தால் எடை தாங்காமல் ஓய்வளித்தே ஆற்றலாம். அதே வேளையில், கணைக்கால் எலும்பில் வரும் முறிவைப்போல அன்றி, இடுப்புக்கூட்டிலும் தொடை எலும்பின் கழுத்திலும் வரும் அழுத்த முறிவு உடலின் ஆற்றல் பற்றாக்குறையோடு அடிக்கடி சேர்ந்து காணப்படுவது. மருத்துவர் உடனே எலும்பு அடர்த்திச் சோதனைக்கு எழுதினார். கீழ் முதுகெலும்பின் மதிப்பு, அவ்வயதினரின் சராசரியைவிட 1.6 திட்ட விலக்கம் குறைவாக இருந்தது. ஓட்டத்தால் எலும்பு வலுப்பெற்றிருக்க வேண்டிய ஒருவருக்கு அது கவலைக்குரிய அளவு.

காலணி பற்றிய கேள்வியும் எழுந்தது. கார்பன் தகடு வைத்த தடித்த காலணிகளை அணிந்தவர்களுக்குப் பாதத்தின் நாவிகுலர் எலும்பில் வந்த காயங்களைப் பற்றி 2023இல் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்திருந்ததால் அதைக் கேட்காமல் விட முடியவில்லை. அவர் அத்தகைய காலணியை வாரம் ஒரு பயிற்சிக்கே பயன்படுத்தினார், முறிவோ இடுப்பருகில். அந்தக் கேள்வி அத்தோடு முடிந்தது.

சிகிச்சை பற்றிய முடிவுகள்

ஆறு வாரங்கள் ஊன்றுகோல், இடது காலில் எடையே வைக்கக் கூடாது என்பது முதல் முடிவு. அதில் கருத்து வேறுபாடு எழவில்லை.

இரண்டாவது முடிவு உணவு பற்றியது. உணவியல் நிபுணர் குழுவின் முன் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். வீராங்கனையின் கொழுப்பு நீங்கிய எடை ஏறத்தாழ 41 கிலோ. ஓடுவதற்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகும். ஆகவே 25 கிலோமீட்டர் ஓடும் நாளில் 1,200 கிலோகலோரி ஓட்டத்துக்கே போய்விடும். அவர் உண்டது 2,300 அளவில். மிஞ்சிய 1,100ஐ 41ஆல் வகுத்தால் கிலோவுக்கு 27க்கும் குறைவு. உடலின் மற்ற எல்லா வேலைகளுக்கும் 45 அளவில் வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் இனப்பெருக்க இயக்குநீர்கள் குலையத் தொடங்குகின்றன என்பது ஆய்வகச் சோதனைகளில் கண்டது. அந்த 30ஐ ஆளுக்கு ஆள் மாறாத எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். ஆயினும் தம் பசியை நம்பியே உண்டுவந்த வீராங்கனைக்கு, அந்த வகுத்தல் கணக்கு பிற அறிவுரைகளைவிட அதிகமாக உறைத்தது. கடும் பயிற்சிக்குப் பிறகு பசி குறைந்துவிடுவதால், பசியைக் கொண்டு அளப்பது அவருக்குப் பொருந்தாத முறையாக இருந்தது.

கருத்தடை மாத்திரை நிறுத்தப்பட்டது. மாதங்கள் கடந்தும் இயற்கையான மாதவிடாய் வரவில்லை. கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் ஆகியவற்றைச் சோதித்து விலக்கிய பின், ஆற்றல் பற்றாக்குறையே காரணம் என மருத்துவர் உறுதிசெய்தார். மாத்திரையை மீண்டும் தொடங்கினால் எலும்பு காக்கப்படாதா என்று வீராங்கனை கேட்டார். வாய்வழி மாத்திரை எலும்புக்கு அத்தகைய பாதுகாப்பைத் தருவதில்லை என்றும், உணவைச் சீராக்கி ஆறு மாதங்கள் பார்த்த பிறகும் பலனில்லையென்றால் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையைப் பரிசீலிக்கலாம் என்றும் மருத்துவர் விளக்கினார்.

இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றும் யோசனையும் வந்தது. மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக அல்லாமல், 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழி ஏற்றுவது ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டது. அந்தச் சிக்கலுக்குள் நுழையாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் இரும்பு மாத்திரை என்று முடிவானது. ஊன்றுகோலோடு இருந்தவருக்கும் ஊக்கமருந்துச் சோதனைக் கடமை ஓயவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு நாளும் தாம் இருக்கும் இடத்தையும், சோதனைக்குக் கிடைக்கக்கூடிய ஒரு 60 நிமிட நேரத்தையும் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும்; 12 மாதங்களில் மூன்று தவறுகள் சேர்ந்தால் அது விதிமீறல். உறவினர் வீட்டில் தங்கியிருந்த வாரத்தில் முகவரியை மாற்ற மறந்து, ஒரு தவறு அவர் கணக்கில் ஏறியது. ஓடாத ஓட்டக்காரருக்கு அன்றாட ஒழுங்கு குலைந்துவிடுகிறது. அந்தக் குலைவில் இத்தகைய கடமைகள்தாம் முதலில் தவறுகின்றன.

ஒப்பந்தம்

என் பார்வையில் இந்த நிகழ்வின் போக்கைத் தீர்மானித்தது அடுத்து எடுக்கப்பட்ட முடிவே.

எம்.ஆர்.ஐ. படம் வந்த மறுநாள் முகவர் இரண்டு வழிகளை முன்வைத்தார். அடுத்த காலாண்டுத் தொகை வரும்வரை “தசைக் காயம்” என்று மட்டும் அறிவித்துக் காலம் கடத்துவது ஒன்று; இப்போதே முழு உண்மையையும் நிறுவனத்திடம் சொல்லி ஒப்பந்தத்தைத் திருத்தக் கேட்பது மற்றொன்று. முதல் வழியில் கையில் வரும் பணம் உறுதி. ஆனால் நான்காம் மாத முடிவில் நிறுத்திவைப்பு விதி செயல்படும். அதற்குள் ஏதேனும் ஒரு சிறு போட்டியிலாவது பெயருக்கு ஓடிவிட வேண்டும் என்ற நெருக்கடி நேரும். தொடை எலும்பின் கழுத்து முறிந்து நான்கு மாதங்களில் போட்டிக்குத் திரும்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதை மருத்துவர் விளக்கினார். தெளிவற்ற சான்றிதழில் கையெழுத்திடவும் மறுத்தார். வீராங்கனை முதலில் முதல் வழியையே விரும்பினார். வீட்டுக் கடன் தவணை அவருடைய வருமானத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் முகவரின் கணிப்பு. நிறுத்திவைப்பால் நிறுவனத்துக்கு மிச்சமாகும் தொகை சிறியது; 29 வயதில் 2 மணி 27 நிமிடம் ஓடக்கூடிய ஒருவரை 2026 வரை வைத்திருப்பதில் அவர்களுக்கு ஆதாயம் அதிகம். ஆகவே சலுகை கேட்பதாக அன்றி, பரிமாற்றமாகப் பேச்சைத் தொடங்கினார். ஒப்பந்தம் 2026 டிசம்பர் வரை நீட்டிக்கப்படும். முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு அடிப்படைத் தொகை 60 விழுக்காடாகக் குறையும். அதற்கு ஈடாக 14 மாதங்களுக்கு நிறுத்திவைப்பு விதியும் போட்டி எண்ணிக்கை விதியும் செயல்படாது. திரும்பும் தேதியை மருத்துவர் மட்டுமே முடிவுசெய்வார். காலாண்டுக்கு ஒருமுறை சுருக்கமான மருத்துவ அறிக்கை நிறுவனத்துக்குப் போகும். முகவர்கள் வருமானத்தில் 15 விழுக்காடு வரை எடுப்பது இத்துறையில் வழக்கம் என்பதால், அவருடைய பங்கும் இதனால் குறைந்தது.

மருத்துவ அறிக்கையை நிறுவனத்துக்கு அனுப்புவது பற்றி எனக்குத் தயக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாதவிடாய், எடை பற்றிய செய்திகள் எதுவும் அதில் இடம்பெறக் கூடாது, “திட்டப்படி முன்னேறுகிறார்”, “திட்டத்தில் மாற்றம்” ஆகிய இரண்டில் ஒன்றை மட்டுமே மருத்துவர் எழுதுவார் என்ற வரையறையை வீராங்கனையே கேட்டுச் சேர்த்தார்.

நிறுவனம் பதில் சொல்ல ஐந்து வாரங்கள் எடுத்துக்கொண்டது. அந்த ஐந்து வாரக் குறிப்பேட்டைப் பின்னர் படித்தபோது, பெரும்பாலான நாள்களில் ஏதோ ஒரு கேள்வி எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன்: நீரில் ஓடலாமா, ஒரு கோலை விடலாமா, அடுத்த படம் எப்போது. ஒப்புதல் வந்த பிறகு அந்தக் கேள்விகள் அருகின. உணவும் உறக்கமும் பற்றிய பதிவுகள் நீண்டன. அதே வாரத்தில் வலியும் அடங்கியிருந்ததால், மாற்றத்துக்கு ஒப்பந்தம் ஒன்றே காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் ஓய்வெடு என்று சொல்லும் மருத்துவருக்கும், ஓய்வெடுத்தால் பணம் இல்லை என்று சொல்லும் தாளுக்கும் நடுவில் அவர் அதன்பின் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஒலிம்பிக் கெடு

தகுதி நேரத்தை எட்ட 2024 ஏப்ரல் வரை அவகாசம் இருந்தது. நவம்பரில் ஓடத் தொடங்கினால், ஏப்ரல் இறுதியில் ஒரு மாரத்தான் ஓடுவது தாளில் சாத்தியமாகத் தெரிந்தது. வீராங்கனையும் பயிற்சியாளரும் அதை விரும்பினர். அவர்கள் காட்டிய முன்னுதாரணங்கள் எல்லோரும் அறிந்தவை. 1984இல் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து 17 நாள்களில் ஜோன் பெனாய்ட் அமெரிக்கத் தகுதிப் போட்டியை வென்று, பின்னர் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானையும் வென்றார். 2008இல் தொடை எலும்பில் அழுத்த முறிவு ஏற்பட்டுச் சில மாதங்களே ஆன நிலையில் பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் பெய்ஜிங் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடினார். 23ஆம் இடமே கிடைத்தது, ஆனால் அதே நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். இத்தகைய வரலாறுகள் ஓட்டக்காரர்களிடையே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. திரும்பி வராமல் போனவர்களின் பெயர்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை.

குழு உடனடியாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. செப்டம்பரில், யாரும் ஓடத் தொடங்காத அமைதியான வேளையில், டிசம்பர் 31 என்ற நாளைக் குறித்து நான்கு நிபந்தனைகளை எழுதிவைத்தது: எட்டு வாரங்கள் வலியின்றி ஓடியிருக்க வேண்டும்; வாரப் பயிற்சி 70 கிலோமீட்டரை எட்டியிருக்க வேண்டும்; எடை 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும்; இயற்கையான மாதவிடாய் தொடர்ந்து இருமுறை வந்திருக்க வேண்டும். டிசம்பர் முடிவில் முதல் மூன்றும் நிறைவேறின. நான்காவது நிறைவேறவில்லை.

பயிற்சியாளர் அந்த ஒன்றைத் தள்ளிவைக்கலாம் என்றார்; படத்தில் எலும்பு ஆறிவிட்டதே என்பது அவர் வாதம். எலும்பு ஆறியது உண்மை, அதை முறியவிட்ட உள்நிலை இன்னும் மாறவில்லை என்றார் மருத்துவர். விவாதம் நீண்டது, கடுமையான சொற்களும் வந்தன. இறுதியில் வீராங்கனை, செப்டம்பரில் தாமே கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டி, ஏப்ரல் மாரத்தானை விட்டுவிடுவதாகச் சொன்னார். ஜனவரி இறுதியில் முதல் மாதவிடாய் வந்தது, மார்ச்சில் இரண்டாவது. ஏப்ரலில் அவர் வாரம் 120 கிலோமீட்டர் எந்தத் தடையுமின்றி ஓடிக்கொண்டிருந்தார். முயன்றிருந்தால் தகுதி பெற்றிருக்கவும் கூடும். பயிற்சியாளர் இன்றும் அப்படித்தான் நினைக்கிறார். அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை.

திரும்பி வந்த பாதை

2024 ஜூனில் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டமும் அக்டோபரில் 1 மணி 11 நிமிடத்தில் அரை மாரத்தானும் ஓடினார். முன்பு அவர் விலகிக்கொண்ட இலையுதிர்காலப் போட்டியின் அமைப்பாளர்கள், காரணத்தை மறைக்காமல் சொன்னதை நினைவில் வைத்திருந்து, தாங்கள் நடத்தும் மற்றொரு மாரத்தானில் பேஸராக ஓட 2025 தொடக்கத்தில் அழைத்தனர். முன்னணிப் பெண்களுக்குக் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 26 விநாடி என்ற வேகத்தை 25 கிலோமீட்டர் வரை பிடித்துக்கொடுத்துவிட்டு விலகுவது வேலை. மாரத்தானின் கடைசி 17 கிலோமீட்டர் தரும் சேதம் இல்லாமல் போட்டிச் சூழலும் ஊதியமும் கிடைப்பதால், காயத்திலிருந்து திரும்பும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இத்துறையில் குறைவு.

2025 ஏப்ரலில், ஏற்றங்கள் நிறைந்த பாதையில், 2 மணி 29 நிமிடத்தில் ஏழாவதாக வந்தார். அந்த ஆண்டின் இறுதியில் சமதளப் பாதையில் தம் பழைய சிறந்த நேரத்துக்கு 12 விநாடிகள் பின்னால் முடித்தார். இம்முறை எடை 51 கிலோ. மூன்று கிலோ குறைந்திருந்தபோது ஓடிய நேரத்தையே மூன்று கிலோ கூடியும் ஓடினார் என்பது கவனிக்கத்தக்கது. பாதை, வானிலை, அனுபவம் எல்லாம் வேறுபட்டவை என்பதால் அதற்குமேல் அதிலிருந்து முடிவுகட்டுவது சரியாகாது. போட்டியின்போது மணிக்கு 75 கிராம் மாவுச்சத்தை வயிறு ஏற்கும்படி பல மாதங்கள் பழக்கியிருந்தார். குடுவைகள் ஏறக்குறைய காலியாகத் திரும்பின. எலும்பு அடர்த்தி சராசரியைவிட 1.2 திட்ட விலக்கம் குறைவு என்ற அளவுக்கு ஏறியுள்ளது. இழந்தது முழுதும் திரும்பும் என மருத்துவர் எதிர்பார்க்கவில்லை.

மாற்றப்பட்டவை

பரிசோதனைப் படிவத்தில் கருத்தடை மருந்து பற்றிய கேள்வி சேர்க்கப்பட்டது. பயிற்சியாளர், மருத்துவர், இயன்முறை மருத்துவர், உணவியல் நிபுணர் ஆகியோர் மாதம் ஒருமுறை ஒரே பக்கத்தில் தங்கள் குறிப்பை எழுதுகிறார்கள். குடுவையில் மிஞ்சிய அளவும் அதில் ஏறுகிறது. அந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தந்த வீரரே முடிவுசெய்கிறார். வேகமாக முன்னேறும் காலத்தில் எலும்பு அடர்த்திச் சோதனையை முன்கூட்டியே செய்யும் வழக்கமும் வந்துள்ளது. முன்பு, நேரம் மோசமானால்தான் பரிசோதனை நடந்தது.

கூட்டங்களில் எவ்வளவு வலியுறுத்தினாலும், வலியை உடனே சொல்லும் பழக்கம் மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஒப்பந்தத்தில் மருத்துவ ஓய்வுக்கான விதி உள்ளவர்கள் சொல்கிறார்கள், இல்லாதவர்கள் தாமதிக்கிறார்கள். ஆகவே காயம் வந்த பின் பேரம் பேசாமல், கையெழுத்திடும் நாளிலேயே அந்த விதியைக் கேட்பது என்று முகவர் முடிவுசெய்துள்ளார். குழுவில் உள்ள 23 வயது ஓட்டக்காரர் ஒருவருக்காகச் சென்ற பருவத்தில் அதைக் கேட்டபோது, இன்னும் பெயர் பெறாதவருக்கு அத்தகைய விதி தர இயலாது என்று நிறுவனம் மறுத்துவிட்டது. குறைந்த அடிப்படைத் தொகைக்கு ஆறு மாதப் பாதுகாப்பு என்ற மாற்று யோசனையை முகவர் அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை, அந்த ஓட்டக்காரர் இப்போது பழைய விதிகளின் கீழேயே தம் முதல் மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்துவருகிறார்.